பெண் வீட்டுக்கு டிபன் பாக்ஸோடு போனவள்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், குருவிகுளத்தில், நல்லபடியாகக் கூடிவந்த ஒரு கல்யாணத்தை நான் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன். சண்டை போடவில்லை. யாரையும் ஒரு குறை சொல்லவில்லை. கைப்பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தேன் — அவ்வளவுதான்.

உள்ளே இருந்தது முளைகட்டிய பாசிப்பயறு.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் இது விளங்கும். போன மாதம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "சுகர் இன்னும் வீட்டுக்குள்ள வரலைம்மா. ஆனா வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்குது" என்றார். நான் பயந்துபோனேன். இதைத் தோழி ஒருத்தியிடம் சொல்ல, அவள் அன்றைக்கே என்னை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டாள். 'பத்து நாள் கிளீன் ஈட்டிங் சேலஞ்ச்'. பத்துப் பெண்கள், சென்னையிலிருந்து ஒரு கோச். சீனி கிடையாது, பால் கிடையாது, வெள்ளை அரிசி, மைதா, எண்ணெயில் பொரித்தது எதுவும் கிடையாது. காபி...? அதுவும் கிடையாது. மூன்று வேளையும் தட்டைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட வேண்டும். ஒரு வேளை தவறினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வாராவாரம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் சரித்திரம் தெரியும். யோகா வகுப்பு — நான்கு நாள். நடைப்பயிற்சி — ஷூ வாங்கிய அன்றைக்கு மட்டும். அதனால் இந்த முறை விடுவதில்லை என்று ஒரு வைராக்கியம்.

முதல் நாள், வெள்ளிக்கிழமை. வெறும் வயிற்றில் வெண்பூசணிச் சாறு குடிக்க வேண்டுமாம். முந்தின நாளே மார்க்கெட்டுக்குப் போய் ஒரு வெண்பூசணி கேட்டேன். காய்கறிக் கடைப் பெண் நல்ல உருண்டையாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, "புதுக்கடை தொறக்கீயளாக்கா?" என்றாள்.

"இல்ல."

"வீடு பால் காய்ச்சா?"

"இல்லம்மா. குடிக்கதுக்கு."

அவள் பூசணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுவதை ஒருத்தி குடிக்கப் போகிறாள் என்றால் அவளும்தான் என்ன செய்வாள்? ஒரு எலுமிச்சம்பழத்தைச் சும்மா எடுத்துப் பைக்குள் போட்டாள். "இதையும் புழிஞ்சிக்கோங்க. என்ன கஷ்டமோ, சரியாப் போகும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் அந்தச் சாற்றோடு உட்கார்ந்திருக்க, எதிரே என் வீட்டுக்காரர் காபியோடு வந்து உட்கார்ந்தார். முப்பது வருஷமாக இரண்டே மடக்கில் குடித்து முடிக்கிறவர், அன்றைக்கென்று பார்த்து ஆற்றி ஆற்றிக் குடித்தார். நான் முறைத்த முறையில் எழுந்து, "நான் வேணா பின்வாசல்ல போய்க் குடிக்கட்டா?" என்றார்.

"கதவைச் சாத்திட்டுக் குடிங்க."

"வாசம் கதவுக்கு அடியில வருமே."

வந்தது. சாயங்காலத்துக்குள் தலைவலியும் வந்தது. ஆனால் மூன்று போட்டோவும் போட்டேன். கோச் மூன்றுக்கும் நெருப்பு எமோஜி போட்டாள். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு நெருப்பு எமோஜிக்கு இத்தனை சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை.

இரண்டாம் நாள் இன்னும் மோசம். பேங்க்கில் ஒரு வேலை. பேங்க்குக்குப் போகும் வழியில் ஒரு பிரியாணிக் கடை. எங்கள் ஊர் பிரியாணிக்குப் பேர்போனது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு மணிக்கு தம் உடைத்தால் அந்தத் தெருவே மணக்கும். நான் ஆட்டோ பிடித்து ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். "எதுக்குக்கா சுத்து? நேரா போனா ரெண்டு நிமிஷம்" என்றார் டிரைவர். அவரிடம் என்னத்தைச் சொல்ல? அன்று மத்தியானம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் காலிங்பெல் மட்டும்தான் அடித்தார். சாயங்காலம் குரூப்பில் ஒருத்தி தேங்காய் பன்னில் விழுந்துவிட்டதாக வாக்குமூலம் கொடுத்தாள். இன்னொருத்தி பேரனின் பிஸ்கட்டில். எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் — ஒழுங்காக நடக்கிறவர்களில் நான்தான் முதல்.

மூன்றாம் நாள்தான் அந்த ஞாயிறு.

என் தம்பி மகனுக்குப் பெண் பார்த்திருந்தோம். அவன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். பெண் கடையநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு குருவிகுளம். அப்பாவுக்கு மானாவாரி விவசாயம், கொஞ்சம் ஆடுகள். ஒரு மாதமாக இரண்டு பேரும் போனில் பேசிப் பிடித்துப்போய்விட்டது. பெரியவர்களும் எல்லாம் பேசி முடித்தாயிற்று. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான் — கை நனைப்பது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகிற வீட்டில் சாப்பிட மாட்டோம். ஒரு காபி, இரண்டு பிஸ்கட், அதோடு எழுந்துவிட வேண்டும். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் எல்லாம் பேசி முடிந்த பிறகு, சாப்பிடுவதற்கென்றே ஒரு நாள் குறித்துப் போவோம். அன்றைக்கு யாரும் வாயால் 'சம்மதம்' என்று சொல்வதில்லை. மாப்பிள்ளை வீட்டின் மூத்தவர் இலையில் கை வைப்பார். அதுதான் பதில். எங்கள் வீட்டில் அப்பா அம்மா இப்போது இல்லை. மூத்தவள் நான். ஆகவே முதல் கை என்னுடையது.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறவளே நான்தான். ஆனால் மூன்று நாள் காபி காணாத மண்டைக்கு அன்று ஓடிய கணக்கு வேறு. எல்லோரும் அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிடட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து என் பயறைச் சாப்பிடுகிறேன், சேலஞ்சும் கெடாது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? இப்படித்தான் யோசித்தேன்.

தம்பி, தம்பி மனைவி, நான் — மூன்று பேரும் ஒரு வாடகைக் காரில் போய் இறங்கினோம். பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்து கை கூப்பினார். ஒல்லியான மனிதர். புதுச் சட்டையின் மடிப்புகூட இன்னும் கலையவில்லை. வீடு முழுக்க வடை வாசம். எங்களைக் கூட்டிப்போய் இலைமுன் உட்கார வைத்தார்கள்.

இலையைப் பார்த்தேன். சாதம் — வெள்ளை. அடுத்து வரப்போகிற பாயசம் — பாலும் சீனியும். வடை, அப்பளம் — பொரித்தது. அவியல் — தயிர். அந்த இலையில் கோச் அனுமதிக்கிற ஒரே பொருள் ஓரத்தில் இருந்த தண்ணீர் டம்ளர்தான். சரி என்று கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். மூடியைத் திறந்தேன்.

பாயசக் கரண்டியோடு வந்த பெண்ணின் அம்மா அப்படியே நின்றார்.

அதைவிட மோசம் என் பக்கத்தில் நடந்தது. வடையில் கை வைக்கப் போன தம்பி, என் டப்பாவைப் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டான். அக்கா ஏதோ சங்கதி கேள்விப்பட்டிருக்கிறாள், வேண்டாமென்று முடிவு செய்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறான். சின்ன வயதிலிருந்தே நான் கண்ணைக் காட்டினால் புரிந்துகொள்கிற பிள்ளை. காட்டாமலே புரிந்துகொண்டுவிட்டான்.

"மதினி, என்ன செய்தீய?" என்று தம்பி மனைவி காதருகில் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று நான் சிரித்துக்கொண்டே எல்லோருக்குமாகச் சொன்னேன். "பத்து நாளைக்கு நான் சாதம், சீனி, பால் எதுவும் தொடக்கூடாது. ஒரு சேலஞ்ச்ல இருக்கேன். நீங்க எல்லாரும் சாப்பிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அந்த அறையில் அது எப்படி ஒலித்தது தெரியுமா? பெண் பிடிக்காதவர்கள் காலங்காலமாகச் சொல்லும் வார்த்தை போலவே ஒலித்தது. வயிறு சரியில்லை, மாத்திரை சாப்பிடுகிறேன், இன்றைக்கு விரதம் — எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தான். நானே ஓர் இடத்தில் வாய் கூசாமல் அப்படிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பெண்ணின் அப்பா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "போன வருசம் ஒரு எடத்துலருந்து வந்தாங்க" என்றார். குரல் உயரவில்லை. "இதே மாதிரி எல போட்டோம். வெரதம்னாங்க. அந்த வெரதம் இன்னும் முடியல போல, ஒரு போன்கூட வரல." என்னைப் பார்த்து, "எங்ககிட்ட என்ன கொறைன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருங்கம்மா. பிள்ளை அதையே நெனச்சுக்கிட்டுக் கெடக்கக் கூடாது" என்றார்.

உள்வாசலில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. என் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து என் கைப்பைக்குள் போன் மினுங்கியது. தம்பி மகன்தான். 'அத்தை, சாப்பிட்டாச்சா?' என்று கேட்டிருந்தான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எத்தனையோ இடத்தில் அசடு வழிந்திருக்கிறேன், ஆனால் அன்றைக்குப் பட்ட வெட்கம் வேறு. யாரோ முகம் தெரியாத ஒரு கோச் போடும் எமோஜிக்காக, கண்முன்னே நிற்கும் ஒரு பெண்ணின் வாழ்க்கையை இலையோடு காத்திருக்க வைத்திருக்கிறேன்.

டப்பாவை மூடினேன். பெண்ணின் அம்மாவைப் பார்த்து, "பாயசம் ஊத்துங்க" என்றேன். இலையில் விழுந்த பாயசத்தைக் கையால் வழித்து வாயில் போட்டுக்கொண்டேன். மூன்று நாள் கழித்து நாக்கில் பட்ட சீனி. சேமியா, முந்திரி, நெய்... கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். பாதி பாசம்தான்.

"ஏலே, என்ன பாத்துக்கிட்டிருக்க? சாப்பிடு" என்று தம்பியைச் சொன்னேன். அவன் கை இலைக்கு வந்தது. தம்பி மனைவி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு வீடே பேச ஆரம்பித்துவிட்டது. பெண்ணின் அம்மா அதுவரை என்னை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சாம்பார் ஊற்ற வந்தபோது 'மதினி' என்றார். உறவு முடிவாகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன கையெழுத்து வேண்டும்? பெண் மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, அந்தப் பயறை நான் எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டாள். உப்புத் தூவி, அடுப்படியில் நின்று, ஒன்று விடாமல் தின்று தீர்த்தாள். "நல்லாத்தான் இருக்கு அத்தை" என்று டப்பாவைக் கழுவித் தந்தாள். காலி டப்பாவைத் திருப்பித் தருவார்களா? உள்ளே நான்கு வடை.

எனக்கு இலையில் ஏற்கெனவே இரண்டு வடை முடிந்திருந்தது. மூன்றாவது கேட்டேன். அதைக் கொண்டுவந்து வைத்தவர் பெண்ணின் அப்பா. அப்போதுதான் கவனித்தேன் — நாங்கள் உட்கார்ந்ததிலிருந்து அந்த மனிதர் நின்றுகொண்டே இருந்தார்.

"நீங்களும் உக்காருங்க அண்ணாச்சி" என்றேன்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி சொன்னார்: "நல்லாச் சொல்லுங்க மதினி. நேத்து மத்தியானத்துலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. அவங்க கை நனைக்கட்டும், பெறவு பாத்துக்கிடலாம்னுட்டாரு."

அவர் வந்து எங்கள் வரிசையில் உட்கார்ந்தார். சாதத்தில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, தலையைத் தூக்காமல், வேகவேகமாகச் சாப்பிட்டார். நான் மறுசோறு வாங்கி, அவர் முடிக்கும்வரை மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது காரிலேயே குரூப்பில் உண்மையை ஒப்புக்கொண்டேன். போட்டோவும் போட்டேன் — சாப்பிட்டு முடித்த இலை. கோச் ஓர் அழுகை எமோஜியோடு 'மேம், மறுபடியும் டே ஒன்' என்று எழுதினாள். மற்ற ஒன்பது பேரும் கல்யாணம் எப்போது, பெண்ணுக்கு என்ன பெயர், வடைக்கு உளுந்தா கடலைப்பருப்பா என்று கேட்டுக் குவித்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை மறுபடியும் பூசணிச் சாறு. டாக்டர் சொன்னது சொன்னதுதானே, சேலஞ்சை விடவில்லை. இன்றைக்கு நான்காம் நாள். தலைவலி குறைந்திருக்கிறது.

ஆனால் இப்போதெல்லாம் தட்டைப் போட்டோ எடுக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மூன்று நாள் நான் காபி குடிக்காததை ஆட்டோக்காரர் தவிர ஊரில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. அந்த மனிதர் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தது, நான் மூன்றாவது வடை கேட்டிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.