மாப்பிள்ளை தேய்த்த கதவு

அப்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கொட்டகை வைத்திருந்தேன். கூட வேலை செய்தவர் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார். ஆனால் பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரைத் தேய்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பிரைமர் காய்ந்ததும் மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, தண்ணீர் விட்டு விட்டுத் தேய்க்க வேண்டும். கட்டை இல்லாமல் வெறும் விரலால் தேய்த்தால் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழும். கறுப்புப் பெயிண்ட் ஏறியதும் அத்தனை பள்ளமும் வெயிலில் பல்லிளிக்கும்.

ஒரு ஆனி மாதம் இலத்தூர்ப் பண்ணையார் ஒருவரின் கார் வந்தது. சாரலில் பிரைமர் காய நாள் பிடித்தது. மாப்பிள்ளை நான்கு கதவுகளையும் தேய்த்துக் கழுவித் துடைத்து வைத்தார். அன்று சனிக்கிழமை. நான் அருவிக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கதவின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தேன். மேடு பள்ளம் எதுவும் தட்டவில்லை. பெயிண்ட் அடித்தோம்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவில் மட்டும் பெயிண்ட் ஒட்டாமல் விலகி, அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாகப் பிரைமர் தெரிந்தது. எண்ணெய்ப் பசை பட்டால்தான் அப்படி ஆகும். பண்ணையாரின் டிரைவரும் எதிர்த்த காப்பிக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு மானம் போயிற்று.

"வேய், வடை தின்ன கையோட தொட்டீரா? சோறு போடுத வேலையில இம்புட்டு அசட்டையா?" என்று கத்தினேன்.

மாப்பிள்ளை கட்டையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் தங்கை வந்தாள். "அவிய கொழும்புக்குப் போறாவ அண்ணே. இனி எப்ப வருவாவளோ" என்று அழுதாள். வீம்பு என்னை விடவில்லை. போகட்டும் என்று சொல்லி அனுப்பினேன், பாவி.

அவள் போனபின் கெட்ட கதவைத் தேய்க்க நானே உட்கார்ந்தேன். தழும்புகள் கைப்பிடிக்கு மேலே ஒரே பட்டையாக ஓடின. என் உள்ளங்கை அகலம். மற்ற மூன்று கதவுகளில் ஒன்றுமில்லை. அவற்றை நான் தொடவே இல்லை. சனிக்கிழமைக் குளியலில் சீயக்காய் போட்டும் என் கையை விட்டுப் போகாத எண்ணெய் அது.

ஓட்டமும் நடையுமாகத் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"தப்பு எம்மேலதான் மாப்ளே. எண்ணெய்க் கையோட நாந்தான் தடவிப் பாத்தேன்."

"தெரியும் மச்சான். பெயிண்டு விலகுன ஒடனே தெரிஞ்சு போச்சு."

"பெறகு ஏன் சொல்லல?"

"நாலு பேரு நிக்கையில ஒங்களப் போயி எப்படிச் சொல்லுதது?"

அவருக்கு இருந்த அந்த யோசனை எனக்கு இல்லாமல் போயிற்றே. போகாதீர் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

மறுநாள் அதே நாலு பேரையும் கொட்டகைக்கு வரச் சொல்லி, மாப்பிள்ளையையும் கூட்டிவந்து நிறுத்தி, கதவைக் கெடுத்தவன் நான்தான் என்று சொன்னேன். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கதவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"தண்ணிய மோந்து ஊத்துங்க மச்சான்" என்றார்.