ஏழாம் எண் வீட்டு வாசல் அலமாரி

பதினெட்டு வருடம் வீடு வீடாகப் பார்சல் கொடுத்தவளுக்கு, வேலையை விட்ட பிறகும் பெயர் மாறவில்லை. எல்லோருக்கும் அவள் பார்சல் அக்காதான். முழங்கால் இனி மாடிப்படிக்கு ஒத்துழைக்காது என்று மருத்துவர் கையை விரித்த பிறகு, பழைய வீடுகளை வாங்கிச் சீர்செய்து விற்கும் தொழிலில் இறங்கினாள். கூட்டாளி, மறைந்த கணவரின் தம்பி. குழாய் வேலை செய்பவர். வாயும் குழாய்தான், திறந்தால் மூடுவது கஷ்டம்.

எந்தத் தெருவில் வாங்குவது என்பதில்தான் இந்தத் தொழிலின் உயிர் இருக்கிறது. பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், மழை பெய்தால் தண்ணீர் நிற்குமா, அடுத்த தெருவில் என்ன விலை போனது என்று எல்லோரும் விசாரிப்பார்கள். அவளும் விசாரிப்பாள். ஆனால் கடைசியாக அவள் பார்ப்பது வேறு. பூட்டிய வீட்டுக்குப் பார்சல் வந்தால், அதை வாங்கி வைக்க அந்தத் தெருவில் ஆள் உண்டா?

"வாங்கி வெச்சுக்கிற தெருவுல வீடு சீக்கிரம் போகும். கதவைத் திறக்காத தெருவுல என்ன பெயின்ட் அடிச்சாலும் போகாது" என்பாள். முதல் இரண்டு வீடுகளையும் இந்தக் கணக்கில்தான் வாங்கினாள். பெயின்ட் காயும் முன்பே இரண்டும் விற்றன.

மூன்றாவதுக்கு ஒரு தெரு வெகுநாளாக அவள் மனதில் இருந்தது. பதினான்கே வீடுகள். அங்கிருந்து ஒரு பார்சலைக்கூட அவள் திருப்பி எடுத்துப் போனதில்லை. ஏழாம் எண்ணில் இருந்த தையல்காரம்மா, கண் சரியில்லாமல் மகள் வீட்டோடு போகிறார், வீட்டை விற்கிறார் என்று காதில் விழுந்ததும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தான் குடியிருந்த வீட்டை வங்கியில் அடமானம் வைத்து அதை வாங்கிவிட்டாள். வருடத்துக்குள் விற்காவிட்டால் அவளும் அவள் மகளும் இருக்கும் வீடு போய்விடும்.

சமையலறை மாறியது. குளியலறை மாறியது. வாசலை ஒட்டி, முன்னறைச் சுவர் முழுக்க இருந்த நீளமான மர அலமாரியை, இடத்தை அடைக்கிறது என்று முதல் வாரமே பெயர்த்து எடுத்தார்கள். எட்டாவது மாதம் வீடு கண்ணாடி மாதிரி நின்றது. பார்க்க வந்தவர்கள் உள்ளே தலையாட்டினார்கள், வெளியே வந்து தெருவைப் பார்த்தார்கள். பேச்சுக் கொடுக்க ஒருவரும் இல்லை. ஐந்தாம் எண்காரர் இவர்களைக் கண்டதும் கேட்டைச் சாத்தினார். "வீடு நல்லாயிருக்கு. தெருதான் ஒரு மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை.

ஒருநாள் கேட்டருகே பார்சல்காரர் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்.

"இந்தத் தெருன்னாலே வயித்தெரிச்சல்தான். பகல்ல ஒரு கதவு திறக்காது. தினமும் பாதிப் பையைத் திருப்பித் தூக்கிட்டுப் போறேன்."

"முன்னாடி அப்படி இல்லையே?" என்றாள்.

"முன்னாடி இந்த வீட்டம்மா இருந்தாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. இந்தத் தெருவில் வாங்கிய பதினெட்டு வருடக் கையெழுத்துகளையும் மனதில் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒரே கையெழுத்து, வலப்பக்கம் சாய்ந்த தையல்காரம்மாவின் கையெழுத்து. அவர் இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை. அதனால் மற்ற பதின்மூன்று கதவுகளை அவள் தட்டிப் பார்த்ததே இல்லை.

"அப்போ, தெரு நல்லாயிருக்குன்னு நினைச்சு, அதை நல்லா வெச்சிருந்த ஆளையே அனுப்பிட்டு வீட்டை வாங்கியிருக்கோமா அண்ணி?" என்றார் கொழுந்தன்.

"அவங்க தானா போனாங்க. ஆனா அவங்க பார்சல் அடுக்கி வெச்ச அலமாரியைப் பேத்தது நீங்கதான்."

"நீங்க சொல்லித்தானே பேத்தேன்! இப்போ கதையை மாத்தாதீங்க."

அவள் கேட்டைத் திறந்தாள். "குடுங்க. நான் வாங்கி வெக்கறேன்" என்று கையை நீட்டினாள். விற்பதற்கு என்று யோசித்துச் செய்யவில்லை. பார்சல் திரும்பிப் போவதைப் பார்க்க அவளால் முடியாது, அவ்வளவுதான்.

பார்சல் ஏழாம் எண்ணில் இருக்கிறது என்று தகவல் போய், அன்று மாலை ஐந்தாம் எண்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "தையல்காரம்மா வந்துட்டாங்களோன்னு பார்த்தேன்" என்றார். பார்சலை வாங்கிக்கொண்டு நின்றபடியே அரைமணி நேரம் பேசினார். இந்த மனிதருக்கு இவ்வளவு பேச வருமா என்று கொழுந்தனே அசந்துபோனார். மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் முன்னறைத் தரையில் கால் வைக்க இடமில்லை. சாரம் கட்ட வைத்திருந்த பழைய அலமாரிப் பலகைகளைக் கொழுந்தன் தேடி எடுத்துத் தேய்த்து, வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே அதே சுவரில் மறுபடி அடித்தார்.

பதினோராம் எண் மாடியில் வாடகைக்கு இருந்த நர்ஸ், ஒரு ஜோடி செருப்புக்காக வந்தாள். வந்தவள் சமையலறையை எட்டிப் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தாள்.

"இன்னிக்கு எனக்கு ஒண்ணும் வரலக்கா. சும்மாதான் வந்தேன்."

"சும்மா வர்றவங்களுக்குத்தான் டீ" என்றார் கொழுந்தன்.

மூன்றாம் தடவை அவள் அம்மாவையும் கூட்டி வந்தாள். அந்த அம்மாள் ஜன்னல்களைத் திறந்து மூடிப் பார்த்தார், அலமாரி முன் நின்றார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என் பேட்டரி வந்துச்சா?" என்று கேட்டதும், அந்த அம்மாளே அலமாரியில் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"அம்மா பகல் பூரா வீட்டுலதான் இருப்பாங்க" என்றாள் நர்ஸ், விலை பேசி முடித்ததும். "அந்த அலமாரியை மட்டும் கழட்டிடாதீங்கக்கா."

வருடம் முடிய மூன்று வாரம் இருந்தது. வங்கியிலிருந்து தன் வீட்டுப் பத்திரத்தை வாங்கிய கையோடு, அவள் ஒரு கடைக்குப் போய் வளையும் கழுத்துடைய மேசை விளக்கு ஒன்று வாங்கினாள். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தையல்காரம்மாவின் மகள் வீட்டு வாசலில் போய் மணி அடித்தாள். நல்லவேளை, வீடு தரைத்தளம்.

தையல்காரம்மா கதவைத் திறந்தார். கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஆள் தெரியவில்லை, பெட்டி தெரிந்தது. பழக்கதோஷத்தில் கையை நீட்டினார்.

"பக்கத்து வீட்டுக்கா? குடும்மா, வாங்கி வெக்கறேன்."

"இல்லம்மா" என்றாள் பார்சல் அக்கா. "இது உங்களுக்கு."