மழைக்கு எழுந்திருக்காத மிஷின்

செஞ்சி கூட்டுரோட்டில் பச்சைமுத்து கடை, அதாவது என் கடை, எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். "கொஞ்சம் கோவக்காரன், பாத்துப் பேசு" என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புவார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? மிஷின் ஓடவில்லை என்றால் மண்டையில் ஓங்கித் தட்டிவிட்டு, "நான் ஒண்ணும் பண்ணல, அதுவா நின்னுடுச்சி" என்று கொண்டுவந்து வைக்கிற ஊர் இது.

மீனம்பாள் அக்கா மட்டும் தன் மிஷினைத் தட்டியதே இல்லை. திருவண்ணாமலை ரோட்டில் 'அனு டைப்பிங் சென்டர்' என்று ஒரு சின்னக் கடை. வாசலில் நின்றால் ராஜகிரி மலை முழுசாகத் தெரியும். காது குத்தல், மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கருமாதி, கலெக்டருக்கு மனு என்று இந்தப் பக்கத்து ஊர்களின் நல்லது கெட்டது அத்தனையும் அக்காவின் விரல் வழியாகத்தான் போயின. மண்டகப்பட்டில் ஒரு வீட்டில் என்ன விசேஷம் என்று அந்த வீட்டுப் பங்காளிக்குத் தெரியும் முன் அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

அந்த மிஷின் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அக்காவின் வீட்டுக்காரர் ராஜாராம் அண்ணன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரியிலிருந்து தன் வேனிலேயே, வீட்டுப் பாய் தலையணையெல்லாம் சுற்றி, கைக்குழந்தையை அழைத்து வருவதுபோல அதைக் கொண்டுவந்தார். இறக்கி வைக்கிற இடத்தில் நான் நின்றேன். அப்போது எனக்கு மீசை அரும்பின வயசு. "செருப்பக் கழட்டிட்டு உள்ள வாடா" என்று அண்ணன் அதட்டினார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இருக்கும் இடத்துக்கு அப்படித்தான் போவோம், கோயிலுக்குப் போவதுபோல. பட்டனை அமுக்கிவிட்டு எதிர்க்கடைக்குப் போய் டீ குடித்துத் திரும்பினால்தான் திரை வெளுக்கும். அந்த ஆமை வேகம் அப்போது எங்களுக்கு ஆமை வேகமாகத் தெரியவில்லை. அட, அந்தச் சுகம் இந்தக் காலத்து மிஷினில் வருமா!

பிரிண்டர் இன்னும் வாங்கவில்லை. எதையாவது அடித்துப் பார்க்க வேண்டுமே என்று அக்கா கேட்டபோது, அண்ணன் மடியில் உட்கார்ந்திருந்த அனுவைப் பார்த்துச் சொன்னார். "எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகைய அடி." அனு அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பேருக்கு வெறும் புள்ளியாக வைத்து, அண்ணன் சொல்லச் சொல்ல, அக்கா சிரித்துக்கொண்டே முழுப் பத்திரிகையையும் அடித்துச் சேமித்தார். அந்த மிஷினில் அடித்த முதல் வேலை அதுதான்.

அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. மாரைப் பிடித்துக்கொண்டு வேனை ஓரமாக நிறுத்தியவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை. பாவி மனுஷன், அந்த வேதனையிலும் ஏறியிருந்த ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழாமல்தான் நிறுத்தினார். அதன் பிறகு அக்கா அந்தப் பத்திரிகையைத் திறந்து பார்த்ததே இல்லை. அனு படித்து, சென்னையில் வேலைக்குப் போய், அம்மாவுக்குப் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தாள். கடை வேலையெல்லாம் அதில்தான் ஓடுகிறது. பழைய மிஷின் மூலையில் துணி போர்த்தி இருந்தது. வெயில் காலத்தில் ஒழுங்காக எழுந்திருக்கும். மழை ஆரம்பித்தால் அடம் பிடிக்கும். பட்டனை அமுக்கினால் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், நாலு மூச்சு விடுவதற்குள் பொசுக்கென்று அணைந்துவிடும்.

அதை நான் எத்தனை தரம் என் கடைக்குத் தூக்கிவந்திருப்பேன்! பவர் சப்ளையை மாற்றினேன். மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைப் புதுசு போட்டேன். என் மேஜையில் சமர்த்தாக ஓடும். கொண்டுபோய் அக்கா கடையில் வைத்தால் மறுபடியும் பழைய குருடி கதைதான். "உங்க கடை கரண்ட்டே சரியில்ல யக்கா" என்று கத்திவிட்டு வந்திருக்கிறேன். அதற்காக வயரிங்கையே மாற்றிப் பார்த்தார், பாவம்.

இந்தக் கார்த்திகையில் அனுவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பையன் பேர் சேரன், அவளோடு வேலை பார்ப்பவன், தங்கமான பிள்ளை. தையில் முகூர்த்தம். ஊரெல்லாம் அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அக்கா போன் பண்ணினார்.

"தம்பி, அந்த மிஷினு இன்னிக்கி எழுந்திருக்கணும். வீரமணி வந்துனு இருக்காரு."

வீரமணி, ராஜாராம் அண்ணனின் தம்பி. நல்ல மனுஷன்தான். அண்ணன் போன பிறகு அனுவின் படிப்புக்கு அலைந்தவர் அவர். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பதைக் கேட்டுக் கேட்டே பாதி ஆயுசு போக்கியவர். பத்திரிகையில் அழைக்கிறவர்கள் பேர் தானும் தன் மனைவி மாரியம்மாளும்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தாலி இழந்தவள் பேரில் நல்ல காரியத்துக்கு அழைப்பு போகக்கூடாதாம். அன்றைக்கு வந்து, அக்காவையே மேட்டரை அடிக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு நேரே பிரஸ்ஸுக்குப் போவதாக ஏற்பாடு.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க யக்கா. பெத்தது நீங்க, வளத்தது நீங்க!"

"நான் சொன்னா கேக்க மாட்டாரு தம்பி. அவங்க அண்ணன் சொன்னா கேப்பாரு. அன்னிக்கி அவுரு சொல்லி அடிச்சதுல எம்பேரும் இருக்குது. அத்தக் காட்டணும்." அக்காவே தொடர்ந்தார். "எத்தினி பொம்பளைங்க பேர வுட்டுட்டு இந்தக் கையாலயே அடிச்சிருக்கேன் தெரியுமா? எழுதிக் குடுத்தத அடிச்சேன். இப்ப எம்பேரையும் நானே வுட்டுட்டு அடிக்கணுமாம்."

குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன். டிஸ்க்கை மட்டும் கழற்றி என் மிஷினில் மாட்டிப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஃபைல் வரும். ஆனால் பத்திரிகை அடிக்கிற அந்தக் காலத்து டிடிபி சாஃப்ட்வேர் என்னிடம் இருக்கிற எதிலும் ஓடாது. திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதை வைத்து வீரமணியிடம் என்னத்தைக் காட்டுவது?

"தூக்கிட்டுப் போயி பாத்துட்டுத் தரேன்" என்றேன். அக்கா விடவில்லை. "அவுரு எந்நேரமும் வந்துடுவாரு. இங்கியே பாரு."

சரி என்று அங்கேயே உட்கார்ந்து, பட்டனை அமுக்கினேன். விளக்கு, ஃபேன், பொசுக். மறுபடி அமுக்கப் போனால் பட்டன் வெளியே வரவே இல்லை. உள்ளேயே குந்தியிருந்தது. விரலில் மஞ்சளாக என்னவோ பிசுபிசுத்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சந்தனம். பட்டனைச் சுற்றியிருந்த சந்து முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பி, மழை ஈரத்தில் ஊறிப் பசையாகியிருந்தது.

ஆயுத பூஜைக்கு எந்த மிஷினுக்குத்தான் இந்த ஊரில் சந்தனம் வைக்கவில்லை? தராசுக்கு வைக்கிறோம், டிராக்டருக்கு வைக்கிறோம், என் கடை ஸ்க்ரூடிரைவருக்குக்கூட வைக்கிறேன். அதனால்தான் அது கண்ணில் படவே இல்லை. என் மேஜைக்கு வந்தால் முன்பக்க மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் இரண்டு கம்பிகளை ஸ்க்ரூடிரைவரால் தொட்டுத்தான் ஸ்டார்ட் செய்வேன். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். பட்டனை யார் தொட்டது? இங்கேயோ அக்கா அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார், பட்டன் உள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. அமுக்கிய கை எடுபடாமலே இருந்தால் மிஷின் தானாக அணைந்துவிடும். அதன் சுபாவம் அது. வெயிலில் சந்தனம் காய்ந்து உதிரும், பட்டன் திரும்பி வரும், மிஷின் ஓடும்.

இத்தனை வருட ஆத்திரமும் தலைக்கு ஏறிவிட்டது. "இன்னா யக்கா இது? பொட்டு வச்சீங்களா, சொவுரு பூசினீங்களா? வருசா வருசம் பழசத் தொடச்சிட்டு வெக்கறதில்லியா?" என்று கத்திக்கொண்டே பேனாக் கத்தியை எடுத்துச் சுரண்டப் போனேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சொரண்டாத தம்பி. அடியில இருக்கறது அவுரு வச்சது."

வேனுக்கு ஸ்டீரிங்கில் வைப்பார், இதற்குப் பட்டனில் வைப்பார் அண்ணன். உயிர் எங்கே இருக்கிறதோ அங்கே வைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் போன பிறகு அதைத் துடைக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. அதன் மேலேயே ஒவ்வொரு வருடமும் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கத்தியை மடக்கிப் பையில் போட்டேன்.

மூடியைப் பட்டனோடு மெதுவாகக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, உள்ளே இரண்டு கம்பிகளையும் ஸ்க்ரூடிரைவரால் தொட்டேன். ஃபேன் சுற்றியது. அணையவில்லை. மிஷின் எழும்போது வரும் அந்தப் பழைய பாட்டு கேட்டது, திரை வெளுத்தது. அக்கா சாமியைக் கும்பிடுவதுபோல அதைப் பார்த்துக் கும்பிட்டார். அதே நேரம் வீரமணி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னா அண்ணி, மேட்டரு ரெடியா?"

"உங்க அண்ணன் எழுதி வச்சிருக்காரு. படிங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். அனுவின் பேர், மாப்பிள்ளை இடத்தில் புள்ளிகள். 'தங்கள் வரவை ஆவலுடன் எதிர்நோக்கும் ராஜாராம் – மீனம்பாள்' என்ற இடத்தில் குரல் தடுக்கியது. "அதெல்லாம் சரி அண்ணி, அன்னிக்கி அண்ணன் இருந்தாரு..." என்று ஆரம்பித்தவர் கடைசி வரியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். 'பந்தி விசாரணை: தம்பி வீரமணி. (சாம்பார் வாளியை மட்டும் இவனிடம் கொடுக்க வேண்டாம்.)'

ராஜாராம் அண்ணனின் கல்யாணத்தில் சாம்பார் வாளியோடு வழுக்கி விழுந்து பெண் வீட்டுக்காரர்களைக் குளிப்பாட்டியவர் இவர்தான். சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார்.

"எனக்கு இன்னா வேல குடுத்திருக்காரோ அத்த நான் பாக்கறேன் அண்ணி" என்றார் கடைசியில். "உங்க வேலய நீங்க பாருங்க. ஒரு எழுத்து மாத்தாதீங்க."

அக்கா உட்கார்ந்து புள்ளிகளை அழித்துவிட்டு 'சேரன்' என்று அடித்தார். தேதி அடித்தார். அப்புறம் புருஷன் பேருக்கு முன்னால் கர்சரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் அடிச்சேன். இவுருக்கு வரல. நீ அடி தம்பி."

எனக்கு அந்த டைப்ரைட்டர் முறைத் தமிழ் விசைகள் தெரியாது. அக்கா வாசல் பக்கம் திரும்பி, மழையில் பாதி மறைந்திருந்த மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வலக்கைப் பக்கம், கீழ் வரிசையில அ. நடு வரிசையில ம. மேல ர. இன்னொரு ர. சுண்டு விரலால புள்ளி." ஒவ்வொன்றாகத் தேடி அமுக்கினேன். 'அமரர்' என்று வந்தது.

மிஷினுக்குப் பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டு, பட்டனுக்குப் போகும் கம்பிகளைக் காலிங் பெல் சுவிட்சு ஒன்றுக்கு மாற்றி மாட்டிக் கொடுத்துவிட்டேன். இப்போது மழையானாலும் வெயிலானாலும் ஒரே அமுக்கில் எழுந்திருக்கிறது. பழைய பட்டன் சந்தனத்தோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கல்யாணத்தில் பந்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அடைப்புக்குறியைக்கூட எடுக்காமல் பத்திரிகையை அப்படியே அச்சடித்திருந்தார்கள். வீரமணி இலைக்கு இலை குனிந்து விசாரித்தார், பொரியல் வைத்தார், பாயசம் ஊற்றினார். சாம்பார் வாளி பக்கம் போகவே இல்லை.

வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று எல்லோரையும் வரவேற்றது மீனம்பாள் அக்கா. புதுப் பட்டுப் புடவை. மூன்று நாலு பேர் முகத்தைச் சுளித்தார்கள், சுளிக்கட்டும். நான் போனதும் என் கையைப் பிடித்து இழுத்து, புறங்கையில் தாராளமாகப் பூசினார்.

"பயப்படாத தம்பி" என்றார் சிரித்துக்கொண்டே. "பட்டன்ல வெக்கல."