ஜீப்புக்கு அடியில் சிவஞானம்

போர்ட் பிளேரில் பழைய ஜீப் வாங்கப் போகிற எவரும் கையோடு சிவஞானத்தைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அரசாங்க ஒர்க்‌ஷாப் ஒன்றில் பதினான்கு வருஷம் ஃபிட்டராக இருந்து, முதுகு போனதால் வேலையை விட்டவர் அவர். முதுகு போன மனுஷனை ஊரே சேர்ந்து ஜீப்புக்கு அடியில் படுக்க வைத்தது. என்ன நியாயமோ!

எழுபத்திரண்டாம் வருஷம், மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜேசுதாசன் வந்து கதவைத் தட்டினான். தூத்துக்குடிப் பக்கத்து மீன்காரன். ஷாதிபூரில் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறான். ஜீப் ஒன்று வாங்கி, காலையில் மீனை ஏற்றிக்கொண்டு பெரார்கஞ்சுக்குப் போய், திரும்பும்போது ஆட்களை ஏற்றி வருவது என்று திட்டம். வியாபாரத்துக்குக் கூடப் போகப் போகிறவள் அவன் மனைவி அமுதம். அவளுக்கு இது ஆறாவது மாசம்.

“மாதா கோயில்ல பூசை முடிஞ்சதும் போவமாண்ணே?”

“அதுக்குள்ள விக்கிறவன் இன்ஜினைச் சூடு பண்ணி வெச்சிருவான், சூட்டுல ஒரு கோளாறும் தெரியாது. இப்பவே கெளம்பு” என்றார் சிவஞானம். ஜீப்புக்கு அடியில் அவர் படுப்பதற்கான சாக்கை, கூட வந்திருந்த அமுதம் எடுத்துக்கொண்டாள்.

சிப்பிகாட் போகும் வழியில் இருந்தது மர கான்ட்ராக்டர் ராஜமாணிக்கத்தின் ஷெட். அரசாங்க ஏலத்தில் எடுத்த ஜீப். புதுப் பச்சைப் பெயின்ட்டில் பளபளத்தது. “ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ் வண்டி. மீட்டரைப் பாருங்க, முப்பதாயிரம்தான்” என்றார் அவர்.

சிவஞானம் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளட்ச் பெடலைப் பார்த்தார். ரப்பர் தேய்ந்து, கீழே இரும்பும் வழவழத்துக் கிடந்தது. முப்பதாயிரத்தில் இப்படித் தேய வேண்டுமென்றால் யானைதான் மிதித்திருக்க வேண்டும். பானெட்டில் கை வைத்தார். சில்லென்று இருந்தது, சரி. இன்ஜினைப் போடச் சொல்லிப் புகையைப் பார்த்தார். கொஞ்சம் நீலம், ஆயில் குடிக்கிறது, ஆனாலும் ஓடும். ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழுமாக ஆட்டினார். பிறகு நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற லிவரைப் போட்டு, ஷெட்டுக்குப் பின்னால் இருந்த சேற்று மேட்டில் ஏற்றச் சொன்னார். முனகிக்கொண்டே ஏறிவிட்டது. ஜேசுதாசனுக்கு வாயெல்லாம் பல்.

இத்தோடு சரி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். முதுகு அப்படிக் கெஞ்சியது. ஆனால் அமுதம் அதற்குள் சாக்கை விரித்துவிட்டாள்.

படுத்தார். வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டமான சேஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்னும், உளுத்தது தொப்பென்னும். இடுக்கில் இருந்த மண்ணைச் சுரண்டி நாக்கில் வைத்தார். உப்பு. மெயின்லேண்டிலிருந்து புதிதாக வருகிற டிரைவர்கள் செய்கிற வேலை இது. ஓடையைக் கண்டால் ஆறு என்று நினைத்து வண்டியை இறக்கிக் கழுவிவிடுவார்கள். கடல் ஏறி இறங்குகிற தண்ணீர் என்று யார் சொல்லி யார் கேட்டார்கள்?

பின் ஸ்பிரிங் பட்டை மாட்டுகிற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பெயின்ட்டுக்கு அடியில் ஒரு ஒட்டுத் தகடு. வெல்டிங் முடியும் இடத்தில் சின்னதாக ஒரு சுழி. அப்படிச் சுழித்து முடிக்கிற கை அந்தத் தீவில் ஒன்றுதான் உண்டு, அது அவருடையது. நாலு வருஷத்துக்கு முன்னால், ஒர்க்‌ஷாப்பில் இதே இடத்து விரிசலைக் காட்டி, “ஏலம் போற வரைக்கும் நின்னா போதும், தகட்டை வெச்சு மூடு” என்றார் ஃபோர்மேன். மூடினார். கையைக் கழுவிவிட்டுப் போய்ச் சாப்பிட்டார். அன்றைக்கு என்ன குழம்பு என்பதுகூட நினைவில்லை.

எழுந்து, “உப்பேறுன வண்டி. வேண்டாம்பா” என்று மட்டும் சொன்னார்.

“அரே, இந்தத் தீவுல உப்பேறாத வண்டி எது?” என்றார் ராஜமாணிக்கம். “மீன் ஏத்துற வண்டிதானேண்ணே. உப்பு எப்படியும் ஏறத்தான் செய்யும்” என்றான் ஜேசுதாசனும்.

“சேஸ் விரிசல் விட்டிருக்குடா. ஒட்டுப் போட்டு மறைச்சிருக்கு.”

“யார் போட்டது?”

பொய் சொல்லத் தெம்பில்லை. “நான்தான்.”

ஜேசுதாசன் முகம் மலர்ந்துவிட்டது. “ஒங்க கைவேலையாண்ணே! பெறகென்ன, தைரியமா எடுத்துரலாம்.”

செருப்பால் அடித்திருந்தால்கூடச் சிவஞானத்துக்கு இவ்வளவு வலித்திருக்காது. வெட்டுளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் படுத்தார். சுத்தியலால் பத்துப் பன்னிரண்டு அடி. தகடு பெயர்ந்து, செதில் செதிலாகத் துரு அவர் முகத்திலேயே கொட்டியது. “இங்க வந்து பாரு” என்று ஜேசுதாசனின் விரலைப் பிடித்து விரிசலுக்குள் வைத்தார். நகம் முழுசாக உள்ளே போனது. அவன் எழுந்து அமுதத்தைப் பார்த்தான்.

“யோவ், வண்டியை ஒடைச்சிட்டியே! போலீசுக்குப் போவேன்” என்று குதித்தார் ராஜமாணிக்கம்.

“போங்க. வெச்சதும் நான், எடுத்ததும் நான்னு அங்கயும் சொல்றேன்.”

“இனிமே ஒன்னை எவன் கூப்பிடுறான்னு பாக்குறேன்யா.”

அதைக் கேட்டதும் அவமானத்துக்கு நடுவிலும் சிவஞானத்துக்கு அப்பாடா என்றிருந்தது. இனி எவனும் கூப்பிட மாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் முதுகை நீட்டிப் படுக்கலாம், அதுவும் கட்டிலில்.

பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றார்கள். அமுதம் சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். “அண்ணே, பெரார்கஞ்சுல ஒரு வண்டி இருக்காம். வர்ற ஞாயித்துக்கெழம வாரீங்களா?”

“அதுலயும் என் ஒட்டு இருந்தா?”

“இருந்தா நீங்களே சொல்லிருவீங்கல்லா” என்றாள் அவள்.

பதினான்கு வருஷத்தில் எத்தனை வண்டிக்குத் தகடு வைத்திருப்போம் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டார். அத்தனையும் இந்தத் தீவுக்குள்தான் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தன.

“விடியமுன்ன வந்து எழுப்புங்க” என்றார். “இல்லேன்னா அவனும் இன்ஜினைச் சூடு பண்ணி வெச்சிருவான்.”