அந்த நான்கு மலாய்ச் சொற்கள்

அத்தை மேடையேறிப் பேசப் போகிறார் என்றதும் முதலில் நம்பாதவள் நான்தான். மாமா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பணியில் உயிரிழந்த போலீஸ்காரர்களுக்காக ஈப்போவில் ஆண்டுதோறும் ஒரு நினைவுக் கூட்டம் நடக்கும். அத்தை தவறாமல் போவார். கடைசி வரிசையில் உட்காருவார், கொடுக்கிற பழக்கூடையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். இந்த முறை குடும்பத்தினர் ஒருவர் மூன்று நிமிடம் பேச வேண்டும் என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டு எனக்கு ஃபோன் செய்தார்.

"சிக்கு, எனக்கு மலாய்ல எழுதிக் குடுக்கணும். வேற யாரும் படிக்க வேணாம். நானே பேசுவேன்."

சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர். நான் ஐந்து வயதில் சுவரில் கரியால் கிறுக்கியதைப் பார்த்து மாமா வைத்த பெயர் அது. அப்பாவும் அத்தையும் பீடோர் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். தோட்டப் பள்ளியில் மூன்று வருடம் தமிழ் படித்ததோடு இருவருக்கும் படிப்பு முடிந்தது. அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. எங்கள் வீட்டில் பள்ளியை முழுதாக முடித்து, பல்கலைக்கழகமும் போன முதல் ஆள் நான். இன்று ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழி கற்பிக்கிறேன். மலாய்ப் பிள்ளைகளின் கட்டுரைகளையும் நான்தான் திருத்துகிறேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

மாமா தைப்பிங் போலீஸில் கோப்ரலாக இருந்தார். சீருடையைத் தானேதான் இஸ்திரி போடுவார். அத்தை போட்டால் கையில் இரண்டு மடிப்பு விழுகிறது என்பார். விடுமுறைக்கு நான் போனால் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு ரொட்டி சானாய் வாங்கப் போவார். என் ஹெல்மெட் வார் மாட்டும் சத்தம் கேட்காமல் வண்டியைக் கிளப்ப மாட்டார்.

"சத்தம் கேக்கல, சிக்கு."

"முனைக்குத்தானே மாமா போறோம்?"

"முனையிலதான் சம்மன் எழுதுறவன் நிப்பான். யாருன்னு நெனைக்கிற? நான்தான்."

நான் பள்ளியின் கடைசி ஆண்டுகளில், ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது, ஒரு மழைநாள் காலையில், மாமா சாலைத் தடுப்பில் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். நிற்கச் சொன்ன ஒரு கார் நிற்காமல் அவரை இடித்துவிட்டுப் போனது. ஓட்டியவன் பிறகு பிடிபட்டான். என்னை வகுப்பிலிருந்து நேராகத் தைப்பிங்குக்கு அழைத்துப் போனார்கள்.

நான் எழுதிய உரை நன்றாகவே இருந்தது. அப்படித்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அத்தையின் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அப்பாவும் வந்திருந்தார். "குகுர்" என்ற சொல் வந்ததும் அத்தை கையை நீட்டித் தடுத்தார். உதிர்தல் என்பது அதன் பொருள். களத்தில் இறந்தவர்களை மலாயில் அப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள்.

"அது வேணாம்."

"அதுதான் அத்தை சரியான வார்த்தை. பேப்பர்லயும் அப்படித்தான் போடுவாங்க."

"ஆஸ்பத்திரியில எனக்கு ரெண்டு தடவ அட்டையில அதத்தான் எழுதிக் குடுத்தாங்க. கேகுகுரான்னு. எனக்கு அந்த வார்த்தை பிள்ளைங்களுக்குத்தான். அவருக்கு வேணாம்."

அத்தைக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும். குகுரிலிருந்து வந்த கேகுகுரான் என்றால் கருச்சிதைவு; இரண்டு முறை கரு கலைந்தது அன்றுதான் தெரிந்தது. அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"சரி அத்தை. தெர்கொர்பான்னு போடலாமா? உயிரத் தியாகம் செஞ்சாருன்னு அர்த்தம்."

"கொர்பான்னா சூராவ்ல தொழுக முடிஞ்சு மாடு அறுப்பாங்களே, அதுவா?"

"அந்த வார்த்தையிலேருந்து வந்ததுதான்..."

"இத்தன வருஷம் படிச்சியே, வேற வார்த்தையே கெடைக்கலியா லா?" என்றார் அப்பா.

எனக்குக் கோபம் வந்தது. பேனாவை வைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க அத்தை, எப்படிச் சொல்லணும்?" என்றேன்.

"வேலையில இருந்தாரு. அவ்வளவுதான்."

எழுதினேன். சுவாமி சாயா செடாங் பெர்துகாஸ். என் கணவர் பணியில். நான்கு சொற்கள். அத்தைக்கு மலாய் எழுத்து வராது என்பதால் உரை முழுவதையும் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்தேன். அத்தை விரல் வைத்துப் படித்தார். "சுவாமி சாயா..."

"போலீஸ் கூட்டத்துல சாமியக் கூப்பிடப் போறியா?" என்றார் அப்பா.

"புருஷன அப்படித்தான் சொல்லுவாங்கண்ணே, மலாய்ல. நீ பேசாம டிவி பாரு."

உரையை முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஏற்பாட்டுக் குழுவிலிருந்து ஓர் அதிகாரி என்னை அழைத்தார். பணிவான மனிதர்.

"சிக்கு, ஒரே ஒரு வாக்கியம். 'அந்த நேரத்தில்' என்று முன்னால் சேர்க்கலாமா? இல்லையென்றால் அவர் இப்போதும் பணியில் இருக்கிறார் என்று பொருள் வந்துவிடும்."

அவர் சொன்னது சரி. மலாயில் வினைச்சொல்லுக்குக் காலம் கிடையாது. நேற்று என்றோ அப்போது என்றோ நாம்தான் சேர்க்க வேண்டும். மாணவர் கட்டுரையாக இருந்தால் நானே சிவப்பில் சுழித்திருப்பேன். இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று வெட்கமாக இருந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு அத்தையை அழைத்தேன்.

"இப்படியே விட்டா இப்பவும் மாமா வேலையில இருக்காருன்னு அர்த்தம் வரும் அத்தை. தப்புன்னு சொல்றாங்க."

பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அத்தை அதை மூடிவிட்டு வந்தார்.

"வந்தா வரட்டுமே லா."

அதிகாரியைத் திரும்ப அழைத்தேன். "நான் மலாய் ஆசிரியை, துவான். இந்த வாக்கியத்தில் பிழை இல்லை. இப்படியே இருக்கட்டும்" என்றேன். என் படிப்பை அவ்வளவு திமிராக நான் வேறெங்கும் பயன்படுத்தியதில்லை. அவர், "பாயேக், சிக்கு" என்று ஒப்புக்கொண்டார்.

கூட்டத்தன்று அறிவிப்பாளர் ஒவ்வொரு பெயருக்கும் குகுர் என்றுதான் சொன்னார். மாமாவின் பெயருக்கும் அப்படியே. அத்தை மடியிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடையேறி, ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். சில இடங்களில் 'ப'வா 'ப'வா என்று தடுமாறினார். மலாயில் p, b என்று இரண்டு ஒலிகள்; தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதானே. அந்த வரி வந்தபோது மட்டும் தாளிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

"சுவாமி சாயா செடாங் பெர்துகாஸ்."

முன்வரிசையில் ஒரு வயதான போலீஸ்காரர் தொப்பியை மடியிலிருந்து எடுத்து, மறுபடி மடியிலேயே வைத்தார்.

இறங்கி வந்த அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து தாளை நான்காக மடித்தார்.

"சரியாச் சொன்னேனா, சிக்கு?"

"ஒரு பிழையும் இல்ல, அத்தை" என்றேன்.