நான்கு கேபிளும் ஒரு குழாயும்

வலங்கைமானில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் தஹ்மீனா வேலை பார்த்தாள். தஞ்சாவூரிலிருந்து வரும் நான்கு கேபிள்களை அங்குள்ள ரவுட்டர் ஒரே இணைப்பாகக் கட்டி வைத்திருந்தது. ஒன்று அறுந்தால் மற்ற மூன்றும் சுமையை ஏற்கும். தினமும் காலையில் நான்கையும் தனித்தனியாகச் சோதித்து, "நான்கும் நலம்" என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்திடுவாள்.

நான்கும் வாய்க்கால் கரையில் ஒரே குழாய்க்குள்தான் வருகின்றன என்று லைன்மேன் சாமிதுரை ஒருமுறை சொன்னார். தூர்வார வரும் பொக்லைன் ஒரு கொத்து கொத்தினால் நான்கும் போய்விடும். இரண்டையாவது வேறு குழாயில் போடும்படி தஹ்மீனா மூன்று ஆண்டுகளாக மேலாளரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"திரையில நாலும் பச்சையாதானே இருக்கு? நீங்க ஏம்மா மண்ணைத் தோண்டுறீங்க?" என்று அவர் சிரிப்பார்.

இந்த ஆண்டு மேட்டூர் அணை திறக்கும் முன்பே பொக்லைன் வந்தது. திரையில் நான்கும் ஒரே நொடியில் அணைந்தன. இரண்டு நாள் ஊரில் இணையம் இல்லை. மேலாளர் அன்றைய படிவத்தை அவள் முன் வைத்தார்.

"நலம்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

ஆமாம் என்றாள். காலையில் அது உண்மையாகத்தான் இருந்தது. அந்த மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுவிடச் சொன்னார்கள்.

மாலையில் சாமிதுரை போன் செய்தார்.

"கேபிளை ஒட்டியாச்சும்மா. பழைய குழாய்லயே போடச் சொல்லிட்டாங்க."

"நாலுமாண்ணே?"

"நாலும்தான். வேற குழாய் கேட்டேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ங்கிறாங்க."

அவள் சரியென்று போனை வைத்தாள்.