தாய்மாமன் மடியும் நிலாவரைப் பொடியும்

எனக்கு மலச்சிக்கல் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். காலையில் பாத்ரூம் கதவைத் திறந்துகொண்டு நான் வெளியே வரும்போது மனைவி முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். அன்று என்னிடம் என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்பதை அதை வைத்தே முடிவு செய்வாள். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் பேசமாட்டாள்.

சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை வைத்திருக்கிறேன். வயிறு கூப்பிடும் நேரம் பார்த்துத்தான் வெளியூர் வியாபாரி யாராவது வந்து வாளிக்கு விலை கேட்பார். கல்லாவை விட்டு எழ எனக்கு மனசு வராது. அவரை அனுப்பிவிட்டுப் போகலாம் என்றால் அதற்குள் வயிறு கோபித்துக்கொண்டு படுத்துவிடும். வருடக்கணக்காக இப்படி அடக்கியதில், பிறகு நானே போய்க் கெஞ்சினாலும் அது மதிப்பதில்லை. ராத்திரி கடை சாத்திவிட்டுத் தின்கிற பரோட்டாவும் வயிற்றின் கட்சியில் சேர்ந்துகொண்டது.

மனைவியின் தொல்லை தாங்காமல் ஆரப்பாளையத்தில் ஓர் ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் போனேன். அவர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், தொழிலைக் கேட்டார்.

"படுக்கப் போறப்ப திரிபலா சூரணம், வெந்நீர்ல. எந்திரிச்சதும் இன்னொரு டம்ளர் வெந்நீர். கீரை, வாழைத்தண்டு, கொய்யாப்பழம் சாப்பிடுங்க. கொஞ்ச தூரம் நடங்க. வருதோ வரலையோ, தினமும் ஒரே நேரத்துக்குப் போய் உக்காருங்க. வந்தா மட்டும் அடக்கக் கூடாது சார்."

"எப்பச் சரியாகும்?"

"அம்புட்டு வருசமா கட்டிப் போட்டுட்டு, ஒரே வாரத்துல ஓடுன்னா எப்படி ஓடும்? பொறுமையா இருங்க. அவசரப்பட்டு பேதி மருந்தத் தொட்றாதீங்க."

என் கடையில் எல்லாம் கிடைக்கும். பொறுமை மட்டும் என்றைக்கும் ஸ்டாக் இருந்ததில்லை.

இந்த நேரத்தில்தான் தங்கச்சி மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தார்கள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பிறந்த வீடு என்று தங்கச்சிக்கு மிச்சமிருப்பது நான் ஒருவன்தான். பிள்ளையில்லாத வருடங்களில் மாமியாரிடம் அவள் வாங்கிய பேச்செல்லாம் எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தக் கூட்டத்தின் முன்னால் அவள் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நான் தவித்த தவிப்பு கொஞ்சமல்ல. காது குத்தி முடிவதற்குள் மாமன் எழுந்தால், கோபித்துக்கொண்டு எழுந்ததாகத்தான் அர்த்தம். தங்கச்சியின் மாமியார் வகையறாவில் முன்பு அப்படி எழுந்துபோன ஒரு மாமனோடு இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது.

காதுகுத்துக்கு முந்தின நாள் வயிறு கல்லாகக் கிடந்தது. இதை வைத்துக்கொண்டு எப்படிச் சம்மணம் போட்டு உட்காருவது? சாயங்காலம் நாட்டு மருந்துக் கடையில் பேதிக்குக் கொடுக்கும் நிலாவரைப் பொடி வாங்கி, அளவு கேட்காமல் கலக்கிக் குடித்தேன். டாக்டரம்மா சொன்னதை மீறுகிறேன் என்று தெரிந்தால் மனைவி ஆடுவாள் என்பதால் அவளிடம் மூச்சு விடவில்லை. அவளும் அதே கவலையில் இருந்திருக்கிறாள். படுக்கும்முன் எனக்குக் கொடுத்த பாலில் விளக்கெண்ணெய் கலந்துவிட்டு, அவளும் மூச்சு விடவில்லை. சுக்கும் கருப்பட்டியும் தூக்கலாகப் போட்டிருந்ததால் எனக்கு வாடை தெரியவில்லை.

காலையில் வழக்கமான நேரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை. மருந்துக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே பட்டு வேட்டியைக் கட்டினேன்.

சமயநல்லூரைத் தாண்டி வயல்காட்டுக்குள் இருக்கிறது தங்கச்சியின் மாமியார் வீட்டுக் குலதெய்வம் கோயில். மேளத்தோடு சீர்த்தட்டு ஊர்வலம் போகும்போது வயிற்றுக்குள் முதல் உருட்டல் கேட்டது. மேளச் சத்தம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மொட்டை போடும்வரை தாங்கியது. பிள்ளையைக் குளிப்பாட்டக் கொண்டுபோன இடைவெளியில் நழுவப் பார்த்தேன். கோயிலுக்குப் பின்னால் புதிதாகக் கக்கூஸ் கட்டியிருந்தார்கள். பூட்டியிருந்தது. சாவி பூசாரி இடுப்பில். பூசாரியைச் சுற்றித் தங்கச்சியின் மாமியார் வீட்டுச் சனம் மொத்தமும்.

"அண்ணே, நேரமாச்சு, உக்காருங்க" என்று தங்கச்சி கூப்பிட்டாள். பட்டுப்புடவையில் அவள் முகத்தைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளையை மடியில் வைத்தார்கள். அது சரியாக என் அடிவயிற்றில் குதித்தது. போட்டோக்காரர் "அசையாதீங்க அண்ணே" என்றார். அசைகிற உத்தேசம் எனக்கு அறவே இல்லை. நெற்றியில் வியர்த்து, பல்லைக் கடித்து, கடைசியில் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"பாருங்கடி, பிள்ளைக்கு வலிக்குமேன்னு மாமனுக்கு இப்பவே கண்ணு கலங்குது" என்றார் தங்கச்சியின் மாமியார். அதைக் கேட்டுத் தங்கச்சி அழ, அவளைப் பார்த்து நாலைந்து பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டது.

"நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கங்க அண்ணே, இன்னொரு காது இருக்கு" என்றார் ஆசாரி.

நான் அப்போது பிடித்திருந்த பிடி எனக்குத்தான் தெரியும்.

இரண்டாவது காதில் ஊசி இறங்கியதும் என் மருமகள் மடியிலேயே மூத்திரம் பெய்துவிட்டாள். பட்டு வேட்டி நனைந்தது. கூட்டம் சிரித்தது. நான் வாய் திறக்கும் முன்பே பூசாரி இடுப்பிலிருந்து சாவியை உருவி, "போய்க் கழுவிட்டு வாங்க" என்று நீட்டினார். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சீர் செய்தாலும் தகும். ஓடினால் மரியாதை போய்விடும் என்று கக்கூஸ்வரை நடந்தே போனேன்.

சாவி அன்று பூசாரியிடம் திரும்பவில்லை. எல்லோரும் கறிச்சோறு சாப்பிட, நான் மோர் குடித்தேன். "பால் வேலை செஞ்சிருச்சு போல" என்று மனைவி காதில் கிசுகிசுத்தபோதுதான் விஷயமே தெரிந்தது.

டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டு, பழையபடி திரிபலாவிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். இப்போதெல்லாம் வயிறு கூப்பிட்டால் கல்லாவைப் பூட்டிவிட்டுப் போகிறேன். வாளி வியாபாரி நிற்கட்டும். வயிறும் மெல்ல மெல்லச் சமாதானத்துக்கு வந்துவிட்டது.

தங்கச்சி வீட்டுக்குப் போனால் காதுகுத்து வீடியோவைப் போடாமல் விடமாட்டாள். நான் அழும் இடம் வந்ததும் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். "எங்க அண்ணன் மாதிரி எந்த மாமன் அழுதாரு?" என்று தங்கச்சி கேட்பாள். மாமியார் ஆமாம் என்று தலையாட்டி, அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். அதைப் பார்க்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிடும்.

"பாரு, இன்னைக்கும் அழுகுறாக" என்பார் மாமியார்.

அந்த அழுகைக்கும் நிலாவரைக்கும் சம்பந்தம் இல்லை.